இரண்டாம் ஸ்டுடியோவில் பாக் பைமின்

இந்தோனேசியாவின் சோலோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், தொலைக்காட்சித் துறையின் இரண்டாம் ஸ்டுடியோவில், ஒரு டிசம்பர் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஏழு நிமிடம் பேசுவதற்காக உட்கார்ந்த ரயில்வே கேட் காவலர் பாக் பைமின் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. பேச்சையும் முடிக்கவில்லை. அந்த வாரம் சிவப்பு மிளகாய் கிலோ எண்பதாயிரம் ரூபியாவுக்கு விற்றது. மழை தினமும் மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போனது. துறையின் பதிவேட்டில் இதெல்லாம் இல்லை. அதில் இருப்பது ஒரே வரிதான்: ஐந்தாம் செமஸ்டர், பல கேமரா நிகழ்ச்சித் தயாரிப்புத் தேர்வு, நான்காம் குழு, நிகழ்ச்சி நிறைவு பெறவில்லை.

நான்காம் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் இந்த வரலாற்றுக்குத் தேவைப்படுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் டைரக்டர் தனாங். ஜகார்த்தாவின் பெரிய சேனல் ஒன்றில் தனக்கு நாற்காலி துடைத்து வைத்திருப்பதைப் போல முதல் வருடத்திலிருந்தே நடந்துகொண்டவன். கெட்டிக்காரன்தான், பொறுமை மட்டும் கிடையாது. இன்னொருத்தி ஃப்ளோர் டைரக்டர் பலூபி, பாக் பைமினின் ஒரே மகள். ஃப்ளோர் டைரக்டர் வேலையை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. கேமராக்காரனுக்குப் படம் இருக்கிறது, டைரக்டருக்குப் பெயர் இருக்கிறது, ஃப்ளோர் டைரக்டருக்கு இருப்பது இரண்டு கைகள் மட்டும்தான். கண்ணாடிக்குப் பின்னால் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் டைரக்டர் ஹெட்செட் வழியாகச் சொல்வதை, கேமராவுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்று, மேடையில் இருப்பவர்களுக்குக் கையால் சொல்ல வேண்டும். ஐந்து விரலைக் காட்டினால் ஐந்து நிமிடம் மிச்சம். இரண்டு கைகளையும் சேர்த்து, ஜவ்வு மிட்டாயை இழுப்பதைப் போல விரித்தால், இன்னும் பேசு, நேரத்தை இழு. விரல்களைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் நிறுத்து. பலூபிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு, சொன்னதைச் சொன்னபடி செய்வதில் சமர்த்து. அதனால் அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கினாள்.

நிகழ்ச்சியின் பெயர் ‘மாலைத் தேநீர்’. இரண்டு பிரம்பு நாற்காலிகள், நடுவே ஒரு குட்டி மேஜை, ஒரு பிளாஸ்டிக் செடி, இரண்டு விருந்தினர்கள். பாடத்தை நடத்திய இபு ரெட்னோ கண்டிப்பானவர். நேரடி ஒளிபரப்பாகவே நினைத்துக்கொள்ள வேண்டும், இருபத்தெட்டு நிமிடத்துக்கு ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் மதிப்பெண் போகும், வானமே இடிந்து விழுந்தாலும் நடுவில் நிற்கக் கூடாது என்று செமஸ்டர் முழுக்கச் சொல்லியிருந்தார். முக்கிய விருந்தினராக கிரொன்சோங் என்ற பழைய மெல்லிசை பாடும் வயதான பாடகி ஒருவரைத் தனாங் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்திருந்தான். அவருக்கு முன்னால் ஏழு நிமிடம் பேச, வினோதமான வேலை செய்யும் சாதாரண மனிதர் ஒருவர் வேண்டும். பேசுவதாக இருந்த குருவி வியாபாரிக்குத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு காய்ச்சல் வந்துவிட்டது. உன் அப்பா ரயில்வேதானே, அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றான் தனாங். பலூபி தயங்கினாள். ரயில்வே என்றதும் நண்பர்கள் மேஜை நாற்காலி உத்தியோகமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளும் அதைத் திருத்தாமல் விட்டிருந்தாள். ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை.

பாக் பைமின் நூற்றுப் பதினேழாம் எண் ரயில்வே கேட்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். மணி அடிக்கும், கேட்டை இறக்குவார், குடிசைக்கு வெளியே வந்து விறைப்பாக நிற்பார், சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி “பாதை சரி” என்று உரக்கச் சொல்வார். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வரும் வார்த்தைகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டுதான். வீட்டுக்கு வந்தால் சட்டையை ஆணியில் மாட்டுவார், சூடாக, இனிப்பாக, கெட்டியாக ஒரு டீ குடிப்பார், நாள் எப்படிப் போயிற்று என்று கேட்டால் நல்லபடியாகப் போயிற்று என்பார். பேச்செல்லாம் மனைவி சுலஸ்திரிக்கும் டிவி பெட்டிக்கும்தான். ஸ்டுடியோவுக்குக் கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் பவுடர் பூசும்போது கண்ணை மூடிக்கொண்டார். மகளை அவர் ‘துக்’ என்றுதான் கூப்பிடுவார், அவள் அப்பாவை ‘பாக்’ என்றும் அம்மாவை ‘பு’ என்றும் கூப்பிடுவாள். மைக்கை மாட்டிவிட வந்தவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“எப்போ நிறுத்தணும், துக்?”

“நான் கைகாட்டினாத்தான் நிறுத்தணும், பாக். அதுவரைக்கும் என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது.”

“சரி” என்றார். சிக்னல் என்றால் அவருக்குப் புரியும்.

முதல் கேள்விக்கு நல்லபடியாகப் போகும் என்று பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது கேள்விக்கும் அதேதான். பேட்டி எடுத்த பெண்ணின் காதோரம் வேர்த்தது. அதே நேரத்தில் பாடகி மழையில் எங்கோ மாட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. தனாங்கின் குரல் ஹெட்செட்டில் கிழிந்தது. “லுபி, இழு. அந்தம்மா வரல. உங்கப்பாவ இழுக்கச் சொல்லு, என்ன வேணா பேசட்டும்.” பலூபி இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தாள். பதற்றத்தில் தேவைக்கு மேல் அகலமாகவே விரித்தாள் என்று கேமரா இரண்டில் இருந்தவன் பிற்பாடு சொன்னான். பாக் பைமின் அவள் கையைப் பார்த்தார், தலையசைத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் பிறந்த அன்று போயொலாலி பக்கம் என்ன மழை பெய்தது என்பதிலிருந்து தொடங்கினார்.

நன்றாகவே பேசினார். தனாங் கன்ட்ரோல் ரூமில் சிரித்தான், கேமரா இரண்டை விட்டு நகராதே என்றான். நான்கு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு மின்சாரம் போனது. இருட்டில் அவர் குரல் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஹெட்செட் செத்துவிட்டது, ஆனால் நிகழ்ச்சி முடிந்ததென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பலூபி கழுத்தில் விரல் வைத்து இழுத்தாள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தபோது மறுபடியும் இழுத்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே, தண்டவாளம் பக்கம் ஓடிய ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் இருக்கிறார், முடிக்கட்டும் என்று விட்டார்கள். முடித்தார், அடுத்த வாக்கியத்துக்குப் போனார். இருட்டில் காட்டிய சைகை செல்லுமா செல்லாதா என்று மாணவர்கள் சாப்பாட்டுக் கடையில் பல மாதம் வாதாடினார்கள். செல்லாது என்ற கட்சிதான் பெரியது.

ஆறு மணிக்குப் பேட்டி எடுத்த பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனாள். மைக்கைக் கழற்றினார்கள், பேச்சு நிற்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள மனிதரை நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. அவர் முரண்டு பிடிக்கவும் இல்லை, பிரம்பு நாற்காலி தரையோடு முளைத்தது போல இருந்தது. இபு ரெட்னோ மணியைப் பார்த்தார், பதிவேட்டில் அந்த ஒரு வரியை எழுதினார், மற்றவர்களைப் போகச் சொன்னார். ஃப்ளோர் டைரக்டர் மட்டும் போக முடியாது. விருந்தினரை நாற்காலி வரை அழைத்து வருவதும் வாசல் வரை கொண்டுபோய் விடுவதும் அவள் பொறுப்பு, அதற்கு முன் ஃப்ளோரை விட்டு நகரக் கூடாது. இது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. பலூபி நின்றாள்.

மறுநாள் சுலஸ்திரி தூக்குச் சட்டியில் நாசி லிவெத் சோற்றோடு வந்தாள். கணவர் அதைத் தொடவில்லை. அவருக்கு அதற்குப் பிறகு பசியோ தூக்கமோ வரவில்லை, தாடியும் வளரவில்லை, முகத்துப் பவுடரும் கலையவில்லை, தொண்டையும் கட்டவில்லை. வேறு எந்தக் குறையும் இல்லை. சுலஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு மகளிடம் திரும்பினாள்.

“இருபத்தாறு வருஷம் இந்த மனுஷன் எங்கிட்டப் பேசினது மொத்தத்தையும் சேத்தா ஒரு டம்ளர் டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். இங்க வந்து முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு இப்படிக் கொட்டறாரே.”

கோபமாகத்தான் சொன்னாள். சோற்றைத் தொழில்நுட்ப உதவியாளர் ஜுமாதியிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அடுத்த நாள் மறுபடியும் வந்தாள்.

முயற்சிகளுக்குக் குறைவில்லை. மசூதியிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து ஓதினார். படப்பிடிப்பில் மழையை நிறுத்துவதற்குச் செய்வதைப் போல, ஈர்க்குச்சியில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி ஸ்டுடியோ மூலையில் நட்டுவைத்தார்கள். அதனால் மழைதான் நின்றது. ரயில் நிலையத்திலிருந்து மேலதிகாரி சீருடையோடு வந்து பச்சைக் கொடியை விரித்துப் பிடித்தார். பாக் பைமின் மூச்சுவிடாமல் அதை விரலால் சுட்டிக்காட்டி “பாதை சரி” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மருத்துவர் வந்து நாடி பார்த்து, ஆள் திடமாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். பலூபி காலில் விழுந்து பார்த்தாள். அழுதாள், ஒருநாள் கத்தவும் செய்தாள். அப்பாவை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது தன் கைதான், எழுப்புவதும் தன் கையாகத்தான் இருக்க முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கையால் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

குழுவில் மற்ற ஆறு பேரும் அடுத்த செமஸ்டரில் முதலாம் ஸ்டுடியோவில் வேறொரு நிகழ்ச்சி செய்து தேர்வை முடித்தார்கள். பலூபி செய்யவில்லை. முடியாத நிகழ்ச்சி ஒன்று ஃப்ளோரில் இருக்கும்போது இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை, உண்மையில் அவள் சொன்னது விதிப்படி சரி. மற்றப் பாடங்களையெல்லாம் எழுதித் தேறினாள். அந்த ஒரு பாடத்துக்கு நேராக மட்டும் செமஸ்டருக்குச் செமஸ்டர் ‘நிறைவு பெறவில்லை’ என்று வந்தது. பதினான்கு செமஸ்டருக்குள் பட்டம் வாங்காதவர்களைப் பல்கலைக்கழகம் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கினால் மாணவர் அட்டை செல்லாது, அட்டை இல்லாமல் ஸ்டுடியோ கதவு திறக்காது. ஆகவே அவளிடம் இருந்தது நான்கரை வருடம். அதற்குள் அப்பாவை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

தினமும் நான்கு மணிக்கு வருவாள். வாசலிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொள்வாள். பஞ்சு வைத்த இரண்டு குமிழ்களும் காதுகளை இறுக்கி மூடும். கேமரா இரண்டுக்குப் பக்கத்தில், அன்று நின்ற அதே இடத்தில் நிற்பாள். கன்ட்ரோல் ரூமில் யாரும் இருக்கமாட்டார்கள். ஹெட்செட்டில் மெல்லிய இரைச்சல் மட்டும்தான் இருக்கும். ஆனால் உத்தரவு இல்லாமல் காட்டும் சைகை வெறும் கையசைப்பு என்றுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உத்தரவு எந்த நொடியிலும் வரலாம், வரும்போது அதைத் தவறவிடக் கூடாது. அதனால் இரைச்சலையே உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு, அப்பாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பாள். ஆறு மணிக்கு, உத்தரவு வராவிட்டாலும், கழுத்தில் விரல் வைத்து இழுப்பாள். அவர் பார்ப்பார், பேசிக்கொண்டே இருப்பார். வாசலுக்கு வந்து ஹெட்செட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போவாள்.

இரண்டாவது வருடம் தனாங் வந்தான். ஜகார்த்தா சேனலின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, கொஞ்சம் தொப்பையும் போட்டிருந்தது. நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை என்றான். கன்ட்ரோல் ரூமில் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைத் துடைத்து, கட் என்றான். அதிகாரமாகச் சொன்னான், தன்மையாகச் சொன்னான், கடைசியில் கெஞ்சினான். ஒவ்வொரு முறையும் பலூபி அதைக் கையால் சொன்னாள். பாக் பைமின் தன் தம்பியின் கல்யாணத்தில் சமையல்காரர் ஓடிப்போன கதையின் நடுவில் இருந்தார். தனாங் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் போகும்போது ஹெட்செட்டில் கடைசியாகச் சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

“அன்னிக்கு இழுன்னு சொன்னவன் நான்தான, லுபி. அத எப்படித் திருப்பி வாங்கறதுன்னு எனக்குத் தெரியல.”

துறை பழகிக்கொண்டது. துறைகளுக்கு எல்லாம் பழகிவிடும். முதல் வருட மாணவர்கள் முகத்துக்கு விளக்கமைக்க அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அவர் கண் கூசுவதில்லை, போதும் என்பதில்லை. இரண்டாம் வருட மாணவர்கள் ஃபோகஸ் பிடிக்க அவருடைய மூக்குதான் அளவுகோல். இபு ரெட்னோ பதவி உயர்ந்து வேறு கட்டடத்துக்குப் போனார். ஜுமாதி திங்கட்கிழமைதோறும் மேக்கப் தூரிகையால் அவர் தோளில் சேர்ந்த தூசியைத் தட்டிவிட்டார். ஒரு மார்ச் மாதம் அவர் பணி ஓய்வு பெறும் நாள் வந்தது. அதிகாரிகள் மூன்று பேர் வந்து மாலை போட்டு, சான்றிதழை மடியில் வைத்து, நின்றபடி கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனார்கள். நூற்றுப் பதினேழாம் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். சாப்பாட்டுக் கடையில் தெம்பே வறுவலின் விலை இரண்டு முறை ஏறியது.

சுலஸ்திரி தினமும் வந்தாள். முதல் வருடம் சண்டை போடுவதற்காக வந்தாள். பிறகு பீன்ஸ் நறுக்க எடுத்துக்கொண்டு வந்தாள், ஜுமாதி அவளுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டார். மூன்றாவது வருடம் ஒரு மழை நாளில் பாக் பைமின் தன் கேட்டில் காத்துநின்ற ஒரு சைக்கிள்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். ரயில் போன பிறகும் இரண்டு நிமிடம் கேட்டைத் தூக்கவில்லையாம், தொடர்ந்து பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவளே இறங்கிவந்து, உங்கள் கேட்டு பழுதா என்று கேட்டாளாம். சுலஸ்திரியின் கையில் கத்தி அப்படியே நின்றது. கேட்டு பழுது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். அன்று வெளியே வந்ததும் மகளிடம் அதைச் சொன்னாள், ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பலூபி, நேற்றைவிட இன்று நிறுத்துகிற மாதிரித் தெரிந்ததா என்று கேட்டாள். அம்மா பீன்ஸ் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பதினான்காவது செமஸ்டர் ஜூன் இருபத்தெட்டாம் தேதி முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே கடிதம் வந்துவிட்டது. கடைசி வாரம் பலூபி காலை எட்டு மணிக்கே வந்து நின்றாள். சாப்பிடப் போகவில்லை. இருபத்தேழாம் தேதி மாலைக்குள் ஐம்பது அறுபது முறை கைகாட்டியிருப்பாள், தோள் வலியெடுத்து இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காட்டினாள். புதிதாக வந்திருந்த இரண்டு மாணவிகள் அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருபத்தெட்டாம் தேதி நான்கு மணிக்கு மேல் சுலஸ்திரி நறுக்கிக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவந்து மகளின் முதுகைத் தொட்டாள். வாயசைவிலிருந்து ஒன்றும் புரியாமல் பலூபி ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

“அந்த நாளுக்கு வந்துட்டாரு” என்றாள் அம்மா. “இங்க வந்த நாளுக்கு. உன்னையப் பத்தி சொல்றாரு. அத எடு.”

“உத்தரவு வந்தா கேக்காது, பு.”

“நாலர வருஷமா வராத உத்தரவு இன்னிக்கு வரப்போவுதா? எடுன்னா எடு.”

பலூபி ஹெட்செட்டைக் கழற்றினாள். ஃப்ளோரில் நிற்கும்போது அதைக் கழற்றுவது அதுதான் முதல் தடவை. அப்பாவின் குரல் அவள் நினைத்திருந்ததைவிடத் தணிவாக, நிதானமாக இருந்தது. அந்தக் குரல் அத்தனை நாளும் அவள் காதில் விழுந்திருக்கிறது, அவள் அதைக் கேட்டதில்லை.

“இருட்டுல என் பொண்ணு கழுத்துல கைவெச்சு நிறுத்துன்னா” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “பனியில அரைக் கிலோமீட்டர் தள்ளி வர்ற விளக்கக் கண்டுபிடிச்சவன் நான், எனக்கா தெரியாது? பாத்தேன். இன்னும் அஞ்சு நிமிஷம் பேசிக்கலாம்னு தோணிச்சு. அதுக்கு முன்னாடி யாரும் என்னையப் பேசுன்னு சொன்னதில்ல. அப்புறம் நிறுத்தப் பாத்தா எனக்கே வரல. தெனமும் கைகாட்டறா, தெனமும் பாக்கறேன். ஓடற ரயில நடுவழியில நிறுத்தற அதிகாரம் கேட் போடறவனுக்குக் கெடையாது. அது பாவம், நின்னுக்கிட்டே இருக்கு. காத மூடிக்கிட்டு, நான் எப்ப முடிப்பேன்னு மட்டும் பாத்துக்கிட்டு நிக்குது. நான் என்ன சொன்னேன்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப காதுலேருந்து எடுத்துட்டா. கையில வெச்சிருக்கா. அவ்வளவுதான், வந்து சேந்துட்டேன்.”

நிறுத்தினார்.

ஏசியின் உறுமலை அந்த ஸ்டுடியோவில் முதல்முறையாக எல்லோரும் கேட்டார்கள். ஜுமாதியின் துடைப்பம் பாதியில் நின்றது. பாக் பைமின் இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றிக்கொண்டார், எழுந்திருப்பதற்கு முன் மனிதர்கள் செய்வதைப் போல. மகளின் வலது கையைப் பார்த்தார். அது உயர வேண்டும், கழுத்துக்குக் குறுக்கே ஒரு முறை போக வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். நிகழ்ச்சி முடிந்துவிடும், மதிப்பெண் வந்துவிடும், பட்டியலில் பெயர் நிற்கும், மூன்று பேரும் ஆறு மணிப் பேருந்தில் வீட்டுக்குப் போகலாம். பலூபியின் கை நெஞ்சு வரைக்கும் வந்தது. வீட்டுக்குப் போனால் அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு டீயைக் குடிப்பார், எப்படிப் போயிற்று என்று கேட்டால் நல்லபடியாகப் போயிற்று என்பார். நான்கரை வருடம் ஒரு மனிதர் எதிரில் நின்று, அவர் சொன்னதில் ஒரு வரிகூடத் தெரியாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கை அதற்கு மேல் ஏறவில்லை. அதை ஏற்ற அவளால் முடியவில்லை.

“அப்புறம், பாக்?” என்றாள்.

ஃப்ளோர் டைரக்டர் வாய் திறப்பது பெரிய தவறு. புதிய மாணவிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக் பைமின் கைப்பிடிகளிலிருந்து கைகளை எடுத்தார்.

“அப்புறம்னா? எங்கேருந்து சொல்ல, துக்?”

“மொதல்லேருந்து.”

அவர் கொஞ்சம் யோசித்தார். இருபத்தாறு வருடம் ஒருவரும் கேட்காத கேள்வி என்பதாலோ என்னவோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, தான் பிறந்த அன்று போயொலாலி பக்கம் பெய்த மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பலூபி தரையில், கேமரா வயர்களுக்கு நடுவே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா மறுபடியும் பீன்ஸை எடுத்துக்கொண்டாள். ஆறு மணி ஆனதை யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் இருபத்தெட்டாம் தேதியோடு பலூபியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஜுமாதி அவளுக்குப் பார்வையாளர் அட்டை ஒன்று எழுதிக் கொடுத்தார், அதை மாதாமாதம் புதுப்பித்துக்கொள்கிறாள். காலையில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள், பிற்பகலில் வந்துவிடுகிறாள். சுலஸ்திரி இப்போது தினமும் வருவதில்லை, அவளுக்கு எல்லாம் தெரிந்த கதை. சைக்கிள் கட்டம் நெருங்கும்போது சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ஜுமாதியின் கணக்குப்படி அது வருகிற பிப்ரவரியில். பல கேமரா தேர்வுகள் எல்லாம் முதலாம் ஸ்டுடியோவில் நடக்கின்றன. இரண்டாம் ஸ்டுடியோ வார நாட்களில் நான்கு மணி முதல் ஆறு மணி வரை திறந்திருக்கும். வெளியாட்களும் போகலாம், செல்போனை மட்டும் அணைத்துவிட வேண்டும்.